வளர்ப்புத் தாடி ஓணானும் பருவ மாறுதல்களும்

ஓணான் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பிராணி தீனியை மறுத்து, கண்களை மூடி, கூண்டின் மூலையில் அசையாது கிடக்குமாயின், அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். ஒன்று, அதன் உடலில் இயல்பாக நிகழும் பருவ ஒடுக்கம், மற்றொன்று நோய். வெளித்தோற்றத்தில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே காணப்படும். முன்னதற்கு வேண்டுவது அமைதி. பின்னதற்கு வேண்டுவது உடனடியான சிகிச்சை. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டுவிட்டால் பிராணி இறக்கவும் நேரிடும்.

அண்மை ஆண்டுகளில் நகரங்களில் அயல்நாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்க்கும் வழக்கம் பரவியுள்ளது. ஆகவே, கால்நடைப் பணியாளர், வனத்துறையின் கள ஊழியர், பள்ளி ஆசிரியர் ஆகியோரிடம் இத்தகைய பிராணிகளைப் பற்றிய கேள்விகள் வருதல் இயல்பே. இவற்றுள் அதிகமாக வளர்க்கப்படுவது ஆங்கிலத்தில் ‘பியர்டட் டிராகன்’ என வழங்கும் தாடி ஓணான். இதன் பராமரிப்பைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றிலுள்ள மாதக் கணக்கு நம் நாட்டின் தென்கோடிக்குப் பொருந்துமா என்பதைத் திருவனந்தபுரத்தின் வலியசாலைப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

இரு உறவினர்

வலியசாலை, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவை அடுத்துள்ள பழைய குடியிருப்பு. காந்தளூர் மகாதேவர் கோயிலும், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த அக்கிரகாரத் தெருவும் இதன் அடையாளங்கள். ஒட்டிக் கட்டப்பட்ட வீடுகளின் பின்புறத்தில் கிணறும் தென்னையும் வாழையும் செம்பருத்தியும் உள்ள கொல்லைகளில் சாதாரண ஓணானைக் காணலாம். மலையாளத்தில் இதனை ஓந்து என்பர். நாஞ்சில் நாட்டுத் தமிழர் ஓந்தான் என்பர். விஞ்ஞானிகள் இதற்கு இட்ட பெயர் கலோட்டிஸ் வெர்சிகோலர். 1802-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி தோதேன் இதனை முதன்முதலாக விவரித்தார்.

தாடி ஓணான் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியிலுள்ள வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்டது. இதன் விஞ்ஞானப் பெயர் போகோனா விட்டிசெப்ஸ், 1926-இல் பெயரிடப்பட்டது. நன்கு வளர்ந்த பிராணி வாலுடன் சேர்த்து 40 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உடல் தட்டையானது, தலையின் பின்புறத்திலும் விலாவிலும் முட்கள் போன்ற செதில்கள் வரிசையாக அமைந்துள்ளன. சினம் அல்லது அச்சம் கொள்ளும்பொழுது தொண்டைப் பகுதியை உப்பச்செய்து கருநிறமாக்கிக் கொள்வதால் தாடி முளைத்தாற்போல் தோன்றும். பெயரின் காரணம் இதுவே.

கொல்லையில் திரியும் ஓணானும் கூண்டில் வாழும் தாடி ஓணானும் அகாமிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தலையை ஆட்டி எதிரியை மிரட்டுதல், வெயில் காய்தல், உடல் நிறத்தை மாற்றுதல், மண்ணில் குழிதோண்டி முட்டையிடுதல் ஆகிய பழக்கங்கள் இரண்டுக்கும் பொதுவானவை. ஆயினும் இவற்றின் ஆண்டுக் கணக்கு வேறு வேறு. ஒன்று மழையை ஒட்டி நடப்பது. மற்றொன்று குளிரை ஒட்டி அமைந்தது.

வெப்பமே கடிகாரம்

பாலூட்டிகளும் பறவைகளும் தாம் உண்ட உணவிலிருந்து உடல் வெப்பத்தை உண்டாக்கிக் கொள்கின்றன. ஊர்வனவற்றுக்கு அத்திறன் மிகக் குறைவு. அவை சூரியனிடமிருந்தும், வெயிலில் காய்ந்த கல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும் வெப்பத்தைப் பெறுகின்றன. தாடி ஓணான் விழித்திருக்கும் வேளையில் தன் உடலை ஏறக்குறைய 35° செ. அளவில் வைத்துக்கொள்ள விரும்பும். அந்நிலையில்தான் அதன் தசைகள் விரைவாக இயங்கும். இரைப்பையும் குடலும் உணவை நன்கு செரிக்கும். நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலும் நிறைவாக இருக்கும்.

காலையில் உடல் குளிர்ந்திருக்கும்பொழுது இதன் தோல் கருமையாகி வெயிலை மிகுதியாக உட்கொள்ளும். உடல் சூடேறியபின் தோல் வெளிறிவிடும். மேலும் வெப்பம் மிகுந்து உடல் 37° செ. அளவை நெருங்கும்பொழுது வாயைத் திறந்துகொண்டு அமர்ந்திருக்கும். இதனைப் பசி என்றோ கோபம் என்றோ சிலர் கருதுவர். உண்மையில் வாயின் ஈரம் ஆவியாவதன் மூலம் தலையைக் குளிர்விக்கும் முறையே இது. உச்சந்தலையில் செதிலால் மூடப்பட்ட சிறு ஒளியுணர் உறுப்பு ஒன்றும் உண்டு. இது உருவங்களைக் காணாது. ஒளியின் அளவையும் பகலின் நீளத்தையும் உணர உதவும்.

எனவே, ஓணானின் உடல் நாள்தோறும் இரண்டு செய்திகளைப் பெறுகிறது. ஒன்று வெப்பத்தின் அளவு. மற்றொன்று பகலின் நீளம். இவை இரண்டும் குறையும்பொழுது உடல் ஒடுங்குகிறது. மிகும்பொழுது கிளர்ச்சி பெறுகிறது.

இரு நாடுகளின் சீதோஷ்ணம்

தாடி ஓணான் இயற்கையாக வாழும் இடங்களுள் மத்திய ஆஸ்திரேலியாவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஒன்று. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கு ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களே குளிர்காலம். ஜூலை மாத இரவுகளில் வெப்பநிலை சராசரியாக 4° செ. வரை இறங்கும். ஜனவரி மாதப் பகலில் 36° செ. அளவை எட்டும். மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வேற்றுமை சுமார் 3 மணி நேரம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 300 மில்லிமீட்டரையும் எட்டுவதில்லை.

திருவனந்தபுரமோ பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் உள்ளது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ஆம் ஆண்டில் இங்கு வானிலை ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவினார். முதலில் கால்டிகாட் என்பவரும், அவருக்குப்பின் 1852 முதல் பிரௌன் என்பவரும் இயக்குநர்களாக இருந்து வானிலை அளவீடுகளைச் செய்தனர். இந்நகரில் ஆண்டின் எந்த மாதத்திலும் சராசரி இரவு வெப்பம் 22° செ. அளவுக்கு மிகக் கீழே இறங்குவதில்லை. பகல் வெப்பம் 29° செ. முதல் 33° செ. வரை நிற்கிறது. பகலின் நீளத்தில் ஆண்டு முழுவதும் ஏற்படும் மாறுதல் ஏறக்குறைய ஒரு மணி நேரமே. மழை மட்டும் பெரிதும் மாறுபடுகிறது. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்திலும், துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பெய்கின்றன. ஆண்டு மழை சுமார் 1800 மில்லிமீட்டர்.

இவ்வொப்பீட்டிலிருந்து ஓர் உண்மை புலனாகும். வலியசாலையில் குளிர்காலம் என ஒன்று இல்லை. தாடி ஓணானின் உடல் ஒடுங்குவதற்குத் தாயகத்தில் கிடைக்கும் குறிப்புகள் இரண்டும் இங்கு இயற்கையாகக் கிடைப்பதில்லை. அதற்கு மாறாக, தாயகத்தில் அது அறியாத ஈரமும் மேகமூட்டமும் இங்கு உண்டு.

கொல்லை ஓணானின் ஆண்டு

சாதாரண ஓணானுக்கு மழையே பருவத்தின் அறிவிப்பு. கோடை மழை தொடங்கியதும் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் செந்நிறம் கொள்ளும். தொண்டையின் இருபுறமும் கரும்புள்ளி தோன்றும். வேலிக் கம்பத்திலோ மதில்மீதோ ஏறி முன்னங்கால்களை மடக்கி நீட்டி, தலையை ஆட்டித் தன் எல்லையை அறிவிக்கும். செந்நிறத்தைக் கண்டு இது இரத்தம் உறிஞ்சும் பிராணி என்று நம்புவோர் இன்றும் உளர். இந்த நம்பிக்கையினால் சிறுவர்கள் ஓணானைக் கல்லாலடிப்பதும் உண்டு. ஓணான் யாருடைய இரத்தத்தையும் உறிஞ்சுவதில்லை. அந்நிறம் இனப்பெருக்கக் காலத்தின் அடையாளமே. தோட்டத்துப் பூச்சிகளை உண்டு வாழும் இப்பிராணி குடியானவனுக்கு நன்மையே செய்கிறது.

பெண் ஓணான் மழையால் நெகிழ்ந்த மண்ணில் குழி தோண்டி, சுமார் 10 முதல் 20 முட்டைகளை இட்டு மூடிவிட்டுச் சென்றுவிடும். தோல் போன்ற ஓடுடைய அம்முட்டைகள் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். வறண்ட மண்ணில் அவை சுருங்கி அழியும். ஆகவே மழைக்காலத்தை ஒட்டி முட்டையிடுதல் இனத்தின் நலனுக்கு இன்றியமையாதது. தார்வாரிலுள்ள கர்நாடகப் பல்கலைக் கழகத்தின் விலங்கியல் ஆராய்ச்சியாளர்கள் இவ்வோணானின் இனப்பெருக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர். அங்கு மே முதல் அக்டோபர் வரை இனப்பெருக்கம் நடைபெறுவதும், ஒரே பருவத்தில் ஒரு பெண் பன்முறை முட்டையிடுவதும் அவ்வாராய்ச்சிகளால் தெளிவாயின.

இங்கு மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. வட இந்தியாவிலுள்ள இவ்வகை ஓணான்கள் குளிர்காலத்தில் மண்ணிலோ மரப்பொந்திலோ ஒடுங்கிவிடுகின்றன. தென்கோடியிலுள்ளவை ஆண்டு முழுவதும் நடமாடுகின்றன. நீண்டகாலம் ஒரே இனமாக எண்ணப்பட்டு, அண்மை ஆண்டுகளில்தான் சில நெருங்கிய இனங்களாகப் பிரிக்கப்பட்ட இப்பிராணிகளுக்குள்ளேயே இடத்துக்கு இடம் ஆண்டுக் கணக்கு மாறுகிறது. ஆகவே ஊர்வனவற்றின் பருவத்தை நாட்காட்டியைப் பார்த்துக் கூறுதல் தகாது. இடத்தையும் வெப்பத்தையும் பார்த்தே கூறல் வேண்டும்.

தாயகத்தில் தாடி ஓணானின் ஆண்டு

ஆஸ்திரேலியாவில் குளிர் தொடங்குமுன் முதிர்ந்த தாடி ஓணான் தீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளும். பிறகு வளையிலோ, விழுந்த மரத்தினடியிலோ, சருகுக் குவியலிலோ புகுந்து ஒடுங்கும். அப்பொழுது இதயத் துடிப்பும் சுவாசமும் குறையும். ஆயினும் இது பாலூட்டிகளின் ஆழ்ந்த குளிர்கால உறக்கம் போன்றதன்று. வெப்பமான நாட்களில் பிராணி விழித்து வெளிவரவும் நீர் அருந்தவும் கூடும். இந்நிலையே பருவ ஒடுக்கம் எனப்படும்.

வசந்த காலமாகிய செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வெளிவந்த ஆண் ஓணான்கள் உயர்ந்த கம்பங்களில் அமர்ந்து தாடியைக் கறுக்கச் செய்யும். இனச்சேர்க்கைக்குப்பின் பெண் ஓணான் மண்ணில் வளைதோண்டி முட்டையிடும். ஒரு தடவையில் 11 முதல் 30 முட்டைகள் வரை இடுவதுண்டு. முட்டைகள் சுமார் இரண்டு மாதங்களில் பொரியும். கோடையில் தீனி மிகுதியாகக் கிடைக்கும். உடலில் கொழுப்புச் சேரும். அக்கொழுப்பே அடுத்த ஒடுக்கத்தின்பொழுது உடலைக் காக்கும் சேமிப்பு.

கூண்டிலுள்ள பிராணியின் ஆண்டு

கூண்டில் பிறந்து வளர்ந்த தாடி ஓணானின் உடலிலும் இவ்வொழுங்கின் சுவடு மறையாது நிற்கிறது. விளக்கின் ஒளியும் வெப்பமும் மாறாதிருக்கும் கூண்டிலும், ஓராண்டு நிரம்பிய சில ஓணான்கள் சில வாரங்களோ சில மாதங்களோ ஒடுங்குவதுண்டு. சில பிராணிகள் ஒருபோதும் ஒடுங்குவதில்லை. வட நாடுகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இது பெரும்பாலும் காணப்படும். குளிர்நாட்டு நூல்கள் அம்மாதங்களைக் குறிப்பிடுவதன் காரணம் இதுவே. வலியசாலையில் அம்மாதங்கள் வறண்டவை, வெயில் நிறைந்தவை. ஆகவே நூலின் மாதத்தை அப்படியே பின்பற்றுதல் பொருந்தாது.

திருவனந்தபுரத்தின் நிலைமைக்கேற்ப ஆண்டினை நான்கு பகுதிகளாகக் கொண்டு பராமரிப்பை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரையுள்ள வறண்ட காலம். காற்றின் ஈரம் குறைவாக இருப்பதால் பிராணிக்கு இது உகந்த காலமாகும். காலை வெயிலில் கம்பிவலைக் கூண்டில் வைத்து 15 முதல் 30 நிமிடம் வரை வெயில் காயவிடலாம். கூண்டின் ஒரு பாதி நிழலில் இருத்தல் வேண்டும். கண்ணாடித் தொட்டியில் வைத்து வெயிலில் வைத்தல் கூடாது. கண்ணாடிக்குள் வெப்பம் சில நிமிடங்களில் உயிரைப் போக்கும் அளவுக்கு ஏறிவிடும்.

இரண்டாவது, மார்ச் முதல் மே வரையுள்ள கோடை. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் திருவனந்தபுரத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். அறையின் வெப்பமே 32° செ. அளவை எட்டும்பொழுது கூண்டின் குளிர்ந்த பகுதியும் சூடேறிவிடும். பிராணி ஒதுங்குவதற்கு இடமில்லாமற் போகும். பகல் முழுவதும் வாயைத் திறந்தவாறு இருத்தல் இதன் அறிகுறி. இக்காலத்தில் வெப்ப விளக்கின் வலிமையைக் குறைக்க வேண்டும். நீரைத் தெளித்த கீரையைக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைக்காலம். தாடி ஓணானுக்கு ஆண்டின் கடினமான பகுதி இதுவே. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தையும் கடக்கிறது. இப்பிராணிக்கு உகந்ததோ 30 முதல் 40 சதவீதம்; 60 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரம் நெடுநாள் நீடித்தல் தீங்கானது. ஈரம் நிறைந்த காற்றில் குளிர்ந்த உடலுடன் இருப்பதால் நுரையீரல் நோயும், தோலில் பூஞ்சண நோயும் உண்டாகக்கூடும். எனவே கூண்டுக்குள் காற்றோட்டம் வேண்டும். நீர்க்கிண்ணத்தை எப்பொழுதும் உள்ளே வைத்திராமல் குறித்த வேளையில் நீர் கொடுத்து எடுத்துவிடலாம். விரிப்புத் தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் புயற்காற்றினால் மின்சாரம் தடைப்படுவதும் உண்டு. அறை வெப்பம் 24° செ. இருப்பதால் பிராணி குளிரால் இறந்துவிடாது. ஆனால் வயிற்றிலுள்ள உணவு செரியாது தங்கி அழுகக்கூடும். ஆகவே மின்சாரம் நிலையாக இல்லாத நாளில் தீனி கொடாமல் இருப்பதே நலம். மேலும் மழை இரவுகளில் மின்மினிப் பூச்சிகள் வீட்டிற்குள் வருதல் வலியசாலை போன்ற மரமடர்ந்த பகுதிகளில் இயல்பு. அமெரிக்காவில் மின்மினியைத் தின்ற தாடி ஓணான்கள் இறந்ததை 1999-இல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையொன்று விளக்கியுள்ளது. தேரையின் நஞ்சை ஒத்த பொருள் அப்பூச்சிகளின் உடலில் உள்ளது. எவ்வகை மின்மினியையும் இப்பிராணிக்குக் கிடைக்கவிடலாகாது.

நான்காவது, அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரையுள்ள துலாவர்ஷ காலம். காலையில் வெயிலும் மாலையில் இடியுடன் மழையும் என்பது இக்காலத்தின் வழக்கம். காலை வெயிலைப் பயன்படுத்திக் கொள்ளலாம். மாலையில் மழைக்காலத்துக்குரிய எச்சரிக்கைகளையே மேற்கொள்ள வேண்டும்.

ஆண்டு முழுவதற்கும் பொதுவான அளவுகள் பின்வருமாறு: கூண்டு குறைந்தது 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உடையதாக இருத்தல் வேண்டும். ஒரு முனையில் வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 38° முதல் 42° செ. வரை, மறுமுனை 24° முதல் 28° செ. வரை. நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஒளி. ஒரே உஷ்ணமானியைக் கூண்டின் நடுவில் தொங்கவிடுதல் போதாது. இரு முனைகளிலும் ஒவ்வொன்று வைத்து அளத்தல் வேண்டும்.

கண்ணாடியும் எலும்பும்

வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களில் ‘பி’ வகைக் கதிர்கள் தோலிற்படும்பொழுது உடலில் வைட்டமின் டி3 உண்டாகிறது. உணவிலுள்ள கால்சியம் உடலிற் சேர்வதற்கு இந்த வைட்டமின் வேண்டும். ஜன்னற் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும். ஆனால் இக்கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆகவே ஜன்னலருகில் வைத்த பிராணி வெயிலில் இருப்பதாகத் தோன்றினும் உண்மையில் பயன்பெறுவதில்லை. மழைக்காலம் முழுவதும் வீட்டிற்குள் இருக்கும் பிராணிக்கு இக்கதிர்களை வீசும் தனி விளக்கு இன்றியமையாதது. அவ்விளக்கு ஒளி குன்றாமலேயே கதிர்வீசும் ஆற்றலை இழந்துவிடும் என்பதால் தயாரிப்பாளர் குறித்த காலத்தில் அதனை மாற்ற வேண்டும்.

இக்கதிர் கிடைக்காத பிராணியின் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து இரத்தத்திற் சேரும். தாடை நெகிழும், கால்கள் வளையும், விரல்கள் துடிக்கும், பிராணி எழுந்து நடக்க மாட்டாமற் கிடக்கும். இதனைப் பருவ ஒடுக்கம் என்று எண்ணி வாளாவிருத்தல் மிகவும் அபாயகரமானது. முருங்கைக் கீரை கால்சியம் நிறைந்தது, எளிதிற் கிடைப்பது. பசலைக் கீரையிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் கால்சியம் சேர்வதைத் தடுப்பதால் அதனை மிகுதியாகக் கொடுத்தல் தகாது. இளம் பிராணிக்குப் பூச்சிகளும், முதிர்ந்ததற்குக் கீரையும் காய்களும் உணவின் பெரும்பகுதியாக இருத்தல் வேண்டும். கொல்லையிற் பிடித்த பூச்சிகள் மருந்து தெளித்த செடிகளிலிருந்து வந்திருக்கக்கூடும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஒடுக்கமா, நோயா?

மழைக்காலத்தில் தாடி ஓணான் சோர்ந்து கிடப்பதைக் கண்டவர், ‘ஆஸ்திரேலியாவில் இப்பொழுது குளிர்காலம்; எனவே உறங்குகிறது’ என்று எளிதிற் சமாதானம் அடையக்கூடும். அதே மாதங்களில்தான் ஈரத்தாலும் கதிர்க்குறைவாலும் நோய்கள் தோன்றுகின்றன. இவ்வூரின் சீதோஷ்ணம் ஒடுக்கத்துக்குக் காரணமாக அமையாததால், சோர்வைக் கண்டவுடன் முதலில் பராமரிப்பின் குறையையும் நோயையும் ஐயுறுவதே முறை. அவை இல்லையென்று உறுதியான பின்னரே ஒடுக்கம் எனக் கொள்ளலாம். இதற்குரிய வரிசை வருமாறு:

1. கூண்டின் இரு முனைகளின் வெப்பத்தையும் அளக்க வேண்டும். வெயில் காயும் இடம் 35° செ. அளவுக்குக் கீழே இருப்பின் சோர்வுக்கு அதுவே காரணமாகலாம்.

2. புற ஊதா விளக்கின் வயதைக் கேட்டறிய வேண்டும்.

3. பிராணியின் வயதை அறிய வேண்டும். ஓராண்டு நிரம்பாத குஞ்சு தீனியை மறுத்தல் ஒடுக்கமன்று, சிகிச்சைக்குரியது.

4. பெண்ணாயின் வயிற்றைக் கவனிக்க வேண்டும். ஆண் துணையின்றியும் பெண் ஓணான் கருவுறாத முட்டைகளை இடும். தீனியை மறுத்து, இடைவிடாது தரையைப் பறிக்குமாயின் முட்டையிட இடம் தேடுகிறது எனக் கொள்ளலாம். ஈரமணல் 20 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக நிரப்பிய பெட்டி அதற்கு வேண்டும். பறித்துக்கொண்டிருந்த பிராணி திடீரெனச் சோர்ந்துவிட்டால் முட்டை அடைபட்டிருக்கலாம். இது அவசர நிலை.

5. உடலைப் பார்க்க வேண்டும். ஒடுக்கத்திலுள்ள பிராணி தொட்டால் கண் திறக்கும். உடல் உறுதியாக இருக்கும். வாயும் மூக்கும் சுத்தமாக இருக்கும். மூக்கில் சளி, மூச்சில் இரைச்சல், குழிந்த கண், நாற்றமுள்ள கழிச்சல், விரல் துடிப்பு, தோலில் மஞ்சள் நிறப் பொருக்கு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காணப்படினும் அது நோயே.

6. மலத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து ஒட்டுண்ணிகளுக்காகப் பரிசோதிக்கச் செய்ய வேண்டும். குடற்புழுக்களும் காக்ஸிடியா என்னும் நுண்ணுயிரும் இப்பிராணியில் சாதாரணமாகக் காணப்படுபவை. விழித்திருக்கும்பொழுது அதிகத் தீங்கு செய்யாத இவை, உடலின் எதிர்ப்பாற்றல் குறைந்த ஒடுக்க காலத்தில் பெருகிவிடக்கூடும்.

7. வாரம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும்.

எடையே எல்லாவற்றினும் நம்பத்தக்க சான்று. எடுத்துக்காட்டாக, ஒரு பிராணி ஒடுங்கத் தொடங்கும்பொழுது 400 கிராம் இருந்ததாகக் கொள்வோம். நான்கு வாரங்களுக்குப்பின் 392 கிராம் இருப்பின், குறைவு 2 சதவீதமே. உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது என்பது தெளிவு. அதே காலத்தில் 352 கிராமாகக் குறைந்திருப்பின், குறைவு 12 சதவீதம். 10 சதவீதத்தைக் கடந்த குறைவு மருத்துவரை நாட வேண்டிய எல்லையாகும். சமையலறையில் பயன்படும் சிறு மின்தராசு இதற்குப் போதுமானது. ஆனால் அதனைச் சமையலுக்கு மீண்டும் பயன்படுத்துதல் கூடாது.

ஒடுக்கம் என்று உறுதியான பின் பிராணியை வலிந்து ஊட்டலாகாது. குடலில் உணவில்லாத நிலையே அதற்குப் பாதுகாப்பு. வாரம் ஒருமுறை நீர் கொடுத்துப் பார்க்கலாம். விழித்தெழுந்தபின் முதலில் ஒளியும் வெப்பமும், பிறகு நீரும், அதன் பின்னரே சிறிது சிறிதாகத் தீனியும் கொடுத்தல் முறை. மெலிந்த பிராணியையோ, நோயிலிருந்து தேறிய பிராணியையோ வேண்டுமென்றே குளிர்வித்து ஒடுங்கச் செய்தல் கூடாது.

ஒடுங்கிய பிராணியை இறந்ததென எண்ணிப் புதைத்துவிடும் ஆபத்தும் உண்டு. ஐயம் எழுந்தால் பிராணியை 30° செ. அளவுள்ள இடத்தில் சில மணி நேரம் வைத்து, விலாவின் அசைவையும் தொடுவுணர்ச்சியையும் பார்த்த பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும்.

கள ஊழியருக்கும் ஆசிரியருக்கும்

அயல்நாட்டு ஊர்வனவற்றை வளர்ப்போர் அவை முறையாகப் பெறப்பட்டவை என்பதற்குரிய சான்றுகளை வைத்திருத்தல் வேண்டும். மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் தாமாகவே முன்வந்து தெரிவிப்பதற்கான அறிவுரையை வெளியிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலிலுள்ள உயிரினங்களுக்குத் தனி அட்டவணை சேர்க்கப்பட்டது. வைத்திருக்கும் இனம் அவ்வட்டவணையில் அடங்குமா என்பதை வனத்துறை அலுவலகத்தில் கேட்டறிதல் வளர்ப்போரின் கடமை. வேண்டாத பிராணியைக் கிள்ளியாற்றங்கரையிலோ பிறர் தோட்டத்திலோ விட்டுவிடுதல் மிகவும் தவறானது. பிராணி மழையில் நலிந்து இறக்கும். அல்லது தன் நோய்களை நம் நாட்டு ஓணான்களுக்குப் பரப்பும்.

ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். பிராணியையோ கூண்டையோ தொட்டவர் சோப்பினால் கைகழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அருகில் விடலாகாது.

வகுப்பில் இப்பாடத்தைக் கற்பிக்கத் தாடி ஓணான் தேவையில்லை. பள்ளித் தோட்டத்து ஓணானே போதும். மாணவர்கள் அதனைப் பிடிக்காமலும் துன்புறுத்தாமலும் தொலைவிலிருந்து பார்த்தல் வேண்டும். காலை 8 மணி, பகல் 12 மணி, மாலை 4 மணி ஆகிய மூன்று வேளைகளில் நிழலின் வெப்பநிலை, வானம் தெளிவாக உள்ளதா, ஓணான் எவ்விடத்தில் உள்ளது, அதன் நிறம் என்ன, தலையாட்டுகிறதா என ஐந்து செய்திகளைக் குறித்துவரலாம். ஜனவரியில் ஒரு வாரமும், மே மாதக் கோடை மழைக்குப்பின் ஒரு வாரமும், ஜூலையில் ஒரு வாரமும் இவ்வாறு குறித்து ஒப்பிட்டால், மழைக்கும் செந்நிறத்துக்கும் உள்ள தொடர்பை மாணவர்கள் தாமே கண்டறிவர். கோடை விடுமுறையில் குறிப்பெடுக்கும் பொறுப்பை வீட்டுக்கொல்லை உள்ள மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். அக்குறிப்பேட்டை நிரப்பிய மாணவன் ஓணானின்மீது கல் எறியத் தயங்குவான் என்பது இப்பயிற்சியின் மற்றொரு பயன்.

பயிற்சி வினாக்கள்

1. திருவனந்தபுரத்தில் ஜூலை மாதத்தில் கொல்லை ஓணான் சுறுசுறுப்பாக இருக்க, கூண்டிலுள்ள தாடி ஓணான் சோர்ந்திருக்கக்கூடும். இதற்குரிய காரணங்களைக் கூறுக.

2. ஜன்னற் கண்ணாடியின் வழியே வரும் வெயில் தாடி ஓணானின் எலும்புக்குப் பயன்படாதது ஏன்?

3. 360 கிராம் எடையுள்ள பிராணி ஆறு வாரங்களில் 320 கிராமாகக் குறைந்தது. குறைவின் சதவீதத்தைக் கணக்கிட்டு, செய்ய வேண்டுவது யாதெனக் கூறுக.

4. குளிர்நாட்டு நூலொன்று டிசம்பர் மாதத்தில் விளக்கை அணைத்து ஓணானை ஒடுங்கச் செய்யுமாறு கூறுகிறது. வலியசாலையில் வசிப்பவர் அதனைப் பின்பற்றுமுன் ஆராய வேண்டியவை எவை?